சமையலறையில் படம் மாறவில்லை

புதிய நிறுவனம் அச்சடித்துக் கொடுத்திருக்கும் சர்வீஸ் படிவத்தில் எட்டு வரிகள் இருக்கின்றன. எட்டும் நான் எழுதியவை. ஒன்பதாவதாக ஒரு வரி இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். வீட்டில் யார் எந்த அறையில் டிவி பார்க்கிறார்கள், ஒருவர் பார்ப்பது இன்னொருவருக்கும் தெரிய வேண்டுமா என்றெல்லாம் விசாரிப்பது டெக்னீஷியனின் வேலை இல்லை என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். படிவம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பதும் நியாயம்தான்.

என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள் என் பழைய நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்கள். "அக்கா, ஒம்பதாவதா ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?" வாயால் சொல்லத் தொடங்கினேன், சரியாக வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முப்பத்தொரு வயதில் பணி ஓய்வு பெற்றவள் போல உட்கார்ந்து அனுபவம் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் இந்த மாதத்தோடு என் வேலை முடிகிறது. மந்தைவெளியில் இருந்த எங்கள் கேபிள் கன்ட்ரோல் ரூமை மூடிவிட்டார்கள். மொட்டைமாடியில் இருந்த ஐந்து டிஷ்களையும் இறக்கியாகிவிட்டது. இனிமேல் சிக்னல் வேறு எங்கிருந்தோ மொத்தமாக வரும். எனக்கு ஆபீசில் நாற்காலி வேலை தருவதாகச் சொன்னார்கள். மொட்டைமாடி ஏறாத கேபிள் வேலை எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

படித்தது பெண்கள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. படிப்பு முடிந்து ஓராண்டு தி. நகரில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் சால்டரிங் செய்தேன். பிறகு கேபிளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மந்தைவெளிக்குப் போனேன். அங்கே லைன் பொறுப்பாளராக இருந்தவர் அந்தோணி. நொச்சிக்குப்பத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர். அவரைத்தான் முதலில் பார்க்கச் சொன்னார்கள்.

"பொண்ணா? மாடி ஏறுவியா?"

"ஏறுவேன்."

"எறங்குவியா?"

எனக்குப் புரியவில்லை.

"ஏர்றது எல்லாரும் ஏறிடுவாங்கம்மா. ஒயர இஸ்துக்கினு, பைய தூக்கிக்கினு, மழையில எறங்கணும். அதான் மேட்டரு."

இறங்குவேன் என்றேன். அதுதான் நேர்முகத் தேர்வு. அன்றிலிருந்து அவருக்கு நான் 'டிப்ளமா'. உமா என்ற என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்தோணி அண்ணன் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றி, வெளியே பார்த்தபடி திருப்பி வைப்பார். படம் வரும்வரை அந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். மிச்ச ஒயரை வட்டமாகச் சுற்றாமல் எட்டு வடிவில் சுற்றுவார். வட்டமாகச் சுற்றினால் அடுத்த முறை பிரிக்கும்போது முறுக்கு விழும். கடலுக்குப் போகிற குடும்பம், கயிறு சுற்றிய கை. ஜன்னல் வழியாக ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் வெளிப்பக்கம் ஒரு வளைவு தொங்கவிடுவார். மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போகாமல் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நான் கட்டிய வளைவு ஒரு முழத்துக்குக் குறைவாக இருந்தால் திட்டமாட்டார். அவிழ்த்து, ஒயரை என் கையில் கொடுத்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பவரைப்போல வேறு திசையில் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் கட்டி முடிக்கும்வரை திரும்பமாட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

எனக்கு எதையும் வரிசை போட்டு எழுதினால்தான் நிம்மதி. ஆறாம் மாதத்தில் ஒரு பட்டியல் எழுதிக் கன்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டினேன். ஒன்று, மாடியில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் சிக்னல். இரண்டு, ஒயர் நுழையும் இடம், வளைவு. மூன்று, கனெக்டரில் துரு. நான்கு, ஒயரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டிக்கு முன்னாலா, பின்னாலா. ஐந்து, பெட்டியின் சூடு. ஆறு, டிவியின் டியூனிங். ஏழு, ரிமோட். எட்டு, எல்லா எண்களையும் வரிசையாக மாற்றிப் பார்ப்பது. ஒருவர் பெட்டி பக்கத்தில் நின்று மாற்ற, இன்னொருவர் டிவி எதிரில் நின்று ஒவ்வொன்றுக்கும் 'வந்தாச்சு' சொல்ல வேண்டும்.

அந்தோணி அண்ணன் சுவரைப் படித்தார். "இன்னா டிப்ளமா, மளிகை லிஸ்ட்டா? அரை கிலோ துவரம்பருப்ப வுட்டுட்ட பாரு."

பெட்டி என்று நான் சொல்வது இப்போது வேலைக்கு வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்போது பாதி வீடுகளில் இருந்தது பழைய டிவி. கேபிளில் சேனல்கள் பெருகியதும் அந்த டிவிகளால் எல்லாவற்றையும் பிடிக்க முடியவில்லை. அதற்காக வந்ததுதான் கன்வெர்ட்டர் பெட்டி. கேபிள் முதலில் பெட்டிக்குள் போகும். ரிமோட்டில் எந்த எண்ணை அழுத்துகிறோமோ அந்தச் சேனலை எடுத்து, டிவிக்குப் புரிகிற ஒரே இடத்தில் அது கொடுக்கும். டிவியை அந்த இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். மாற்றுவதெல்லாம் பெட்டியில்தான்.

இரண்டு டிவி இருந்தால் இரண்டு பெட்டி வேண்டும். ஆனால் பலர் ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு, அதிலிருந்து வரும் ஒயரை ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்து இன்னோர் அறைக்கும் இழுத்துக்கொண்டார்கள். இரண்டு இடத்திலும் படம் வரும். ஆனால் ஒரே படம். பெட்டி இருக்கும் அறையில் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் பார்ப்பதைத்தான் மற்ற அறையும் பார்த்தாக வேண்டும். மாடியில் கிரிக்கெட், கீழே சீரியல். படிக்கட்டடியில் நின்றுகொண்டு மேலே பார்த்து "மாத்தாதடா!" என்று கத்தும் குரலைக் கேட்காமல் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு தெருவைக் கடக்க முடியாது. அந்தக் குரலை நான் இவ்வளவு தேடுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

ராகவன் சார் வீடு அங்கேதான், ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. கீழே கூடமும் சமையலறையும், மேலே ஓர் அறை. சார் அண்ணா சாலையில் ஓர் ஏலக் கடையில் முப்பது வருடம் ஏலம் கூவியவர். பழைய பியானோ, தேக்குக் கட்டில், கோர்ட்டில் ஜப்தியான மேஜை நாற்காலி எல்லாவற்றுக்கும் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொன்ன குரல். தொண்டையில் வந்த நோய்க்கு அறுவை சிகிச்சை செய்ததில் அந்தக் குரல் போய்விட்டது. மேலறையில் படுக்கை, மாதம் ஒருமுறை ஆட்டோவில் அடையாறு ஆஸ்பத்திரி. பெட்டியும் ரிமோட்டும் மேலே அவரிடம். அதிலிருந்து ஓர் ஒயர் ஜன்னல் வழியாக இறங்கிச் சமையலறையில் இருந்த சின்ன டிவிக்குப் போயிற்று. அந்த டிவி அவர் மனைவி கமலா மாமிக்கு.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. முதலில் தெரிந்தது ரெஜிஸ்டரில் இருந்த புகார் மட்டும்: 'சமையலறையில் படம் தானாக மாறுகிறது.'

புகார் செய்தவர் மகன் முரளி. பம்பாயில் வேலை, நான்கு நாள் லீவில் வந்திருந்தார். அந்தோணி அண்ணன் மயிலாப்பூரில் ஒரு லைனில் மாட்டிக்கொண்டதால் நான் தனியாகப் போனேன். மாமி வீட்டில் இல்லை. மருந்து வாங்க அடையாறு போயிருந்தார்.

"அம்மா பாவம், ஒரு சீரியல் நிம்மதியாப் பாக்க முடியலை. பாத்துண்டு இருக்கச்சயே டக்கு டக்குனு மாறிடறது. நானே கண்ணால பாத்தேன்" என்றார் முரளி.

"இது ரிப்பேர் இல்ல சார். ஒரே பெட்டி. மேல மாத்தினா கீழயும் மாறும்."

"அப்ப தனித்தனியாப் போட்டுடுங்கோ. அம்மாக்குனு ஒண்ணு இருக்கட்டும்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பையில் ஒரு பெட்டி இருந்தது. மேலே போனேன். சார் கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றிச் சாய்ந்து படுத்திருந்தார். டிவிக்குப் பின்னால் கை போக வேண்டும் என்பதற்காகக் கட்டிலை ஒட்டியிருந்த ஸ்டூலை நகர்த்தினேன். அதன்மேல் ஒரு சிலேட்டும் பல்பமும் இருந்தன. அவற்றை எடுத்து டிவி மேல் வைத்தேன். ஸ்ப்ளிட்டரைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து கழற்றி, கேபிள் பெட்டிக்குள் நுழைவதற்கு முன்னால் போட்டேன். கீழே இரண்டாவது பெட்டியை வைத்தேன். மொத்தம் முக்கால் மணி நேரம். வளைவு சரியாக ஒரு முழம்.

மறுபடி மேலே போனபோது சார் ரிமோட்டை டிவி பக்கம் நீட்டி, விடுவிடுவென்று மூன்று முறை மாற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா வேலை செய்யுது சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று. மறுபடியும் மூன்று முறை மாற்றினார். பிறகு விரலால் தரையைக் காட்டினார். ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். ஒரு ரப்பர் செருப்பு உள்ளே தள்ளிக் கிடந்தது. அதை இழுத்து ஜோடியாக வைத்தேன். அவர் டிவி மேல் இருந்த சிலேட்டின் பக்கம் கையை நீட்டினார். எட்டவில்லை. நான் அதற்குள் நோட்டைப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, சிரமப்படுத்திக்காதீங்கோ. ரெஸ்ட் எடுங்கோ" என்றார் முரளி.

சார் கண்ணை மூடிக்கொண்டார். எட்டு வரிகளுக்கும் டிக் போட்டு, 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் காலை கன்ட்ரோல் ரூமுக்குப் போன் வந்தது. கமலா மாமி.

"சமையல்ரூம்ல படம் மாறவே மாட்டேங்கறதும்மா."

"உங்களுக்குத் தனிப் பெட்டி வச்சாச்சு மாமி. இனிமே உங்க ரிமோட்ல நீங்களே மாத்திக்கலாம்."

"நான் மாத்தறதுக்கில்லை…" என்று இழுத்தார். "தானா மாறிண்டிருந்ததே, முன்ன மாதிரி பண்ணிக் கொடேன்."

"அதைத்தானே மாமி உங்க பையன் சரி பண்ணச் சொன்னாரு?"

"அவன் ஊருக்குப் போயாச்சு. அவனுக்கென்ன தெரியும்."

"ரெண்டு நாள்ல பழகிடும் மாமி. நான் வந்து காட்டித் தரேன்" என்றேன்.

ரெஜிஸ்டரில் எழுதினேன்: 'சமையலறையில் படம் மாறவில்லை. பழுது இல்லை. உபயோகிக்கத் தெரியவில்லை.' அந்தோணி அண்ணன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "மாறுனாலும் கம்ப்ளெயின்டு, மாறாட்டியும் கம்ப்ளெயின்டா? நல்லா கீது." பழுது இல்லாத புகார்களைக் கடைசியில் வைப்பது என் வழக்கம். அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பக்கம் ஒரு ஆம்ப்ளிஃபயர் வேலை இருந்ததால் இருவரும் சேர்ந்து போனோம். கதவைத் திறந்த மாமி என்னைப் பார்த்து, "வந்தியா" என்று மட்டும் சொன்னார். மேலே அழைத்துப் போனார். சாருடைய வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு.

முந்தைய நாள் காலை பதினொரு மணிக்கு நடந்தது. சாருக்கு மூச்சுக் குழாயில் சளி அடைத்திருக்கிறது. மூன்று முறை மாற்றியிருக்கிறார். மறுபடியும் மூன்று முறை. கீழே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாமியின் கண் எதிரில் இருந்த டிவியில் யாரோ காய்கறி நறுக்கிக்கொண்டே இருந்தார்கள். எழுந்து படிக்கட்டுவரை வந்த சார் இரண்டாவது படியில் விழுந்தார். விழுந்த சத்தம்தான் மாமிக்குக் கேட்டது.

"மணி ஒண்ணு வச்சிருந்தோம், பித்தளை மணி" என்றார் மாமி. "அதை அடிக்கமாட்டேன்னுட்டார். மணி அடிச்சுக் கூப்பிட நான் என்ன ஜமீந்தாரான்னு சிலேட்டுல எழுதினார். ஒரு நாள் நான் கீழ சீரியல் பாத்துண்டிருக்கேன், இவர் மேலேர்ந்து மாத்திட்டார். எனக்கு வந்தது பாரு கோபம். விடுவிடுன்னு மேல போய்ச் சண்டை போட்டேன். சண்டை முடிஞ்சதும் பாத்தா, தண்ணி வேணும்னு எழுதி வச்சுண்டு உக்காந்திருக்கார். அன்னிலேர்ந்து அப்படியே ஆயிடுத்து. அஞ்சுன்னா தண்ணி. ஏழுன்னா காப்பி. மூணு தரம் மாத்தினா உடனே வா. ஒண்ணுமே வராத முப்பதைப் போட்டு, புஸ்ஸுனு சத்தம் வந்துதுன்னா அவர் தூங்கப் போறார், நான் பாட்டுக்கு வேலையைப் பாக்கலாம்னு அர்த்தம்."

"போன்லயே சொல்லியிருக்கலாமே மாமி" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"என்னன்னு சொல்றது? கேபிள்காராளுக்குப் போன் பண்ணி, ஆத்துக்காரர் என்னை டிவியில கூப்பிடுவார்னா சொல்றது? பெத்த பிள்ளைகிட்டயே சொல்லலை." பிறகு என்னைப் பார்த்து, "உன்னை என்ன சொல்ல? நீ நன்னாத்தான் போட்டிருக்கே. படம் கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.

சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் மறுபடி கட்டிலை ஒட்டி இருந்தது. சிலேட் அதன்மேல் இருந்தது. அன்று அவர் தரையைக் காட்டியதும் நான் செருப்பை எடுத்து வைத்ததும் அப்போதுதான் எனக்குள் ஒன்றோடொன்று சேர்ந்தன. அவர் தரையைக் காட்டவில்லை. தரைக்குக் கீழே இருந்த சமையலறையைக் காட்டியிருக்கிறார்.

அந்தோணி அண்ணன் ஸ்ப்ளிட்டரைத் தானே கழற்றினார். கழற்றிய ஒயரை என் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பழையபடி பெட்டிக்குப் பின்னால் பிரித்துக் கொடுத்தேன். ஒரு கனெக்டரை இரண்டு முறை போட வேண்டியிருந்தது. கீழே போய் இரண்டாவது பெட்டியை எடுத்தேன். மாமி சமையலறை டிவி எதிரில் போய் நின்றார்.

ரிமோட்டைச் சாருடைய இடது கையில் வைத்தேன். கட்டைவிரல் பழக்கமில்லாமல் பொத்தானைத் தேடியது. அழுத்தினார். ஒன்று. இரண்டு. மூன்று.

கீழேயிருந்து குரல் வந்தது. "வந்துட்டேன், வந்துட்டேன்! அதுக்குள்ள ஏலத்தை முடிச்சுடாதீங்கோ!"

படியேறும் சத்தம் கேட்டது. சாருடைய தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் ஒருவர் அவ்வளவு சிரிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாமி வாசற்படியில் மூச்சு வாங்க நின்று, "இப்ப என்ன வேணும்?" என்றார். சார் ஏழாம் எண்ணை அழுத்தினார். பிறகு எங்கள் இருவரையும் காட்டி இன்னும் இரண்டு முறை அதையே அழுத்தினார்.

அந்தோணி அண்ணன் அன்று காப்பி குடித்தார். படம் வந்துவிட்டதே.

திரும்பும் வழியில் அவருக்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ரெஜிஸ்டரில் இருந்த 'உபயோகிக்கத் தெரியவில்லை' என்ற வரியை அடித்துவிட்டு, அது என்னைப் பற்றியது என்று எழுதலாமா என்று யோசித்தேன். கடைசியில் சுவரில் இருந்த பட்டியலில் ஒன்பதாவது வரியைச் சேர்த்தேன்: 'யார் எந்த அறையில்? ஒருவர் பார்ப்பது மற்றவருக்கும் தெரிய வேண்டுமா?'

அந்தோணி அண்ணன் மறுநாள் அதன் எதிரில் வெகு நேரம் நின்றார். "துவரம்பருப்ப சேத்துட்ட போல கீது" என்றார். சிரிக்கவில்லை.

அதன் பிறகு அந்த ஒன்பதாவது கேள்வியை எத்தனையோ வீடுகளில் கேட்டேன். பெரும்பாலும் "தனித்தனியாவே போடும்மா, சண்டை ஓயும்" என்றுதான் பதில் வரும். அப்படியே போட்டுக் கொடுத்தேன். சில வீடுகளில் ஒருவர் யோசிப்பார். பக்கத்து அறையைத் திரும்பிப் பார்ப்பார். "இப்படியே இருக்கட்டும்" என்பார். காரணம் கேட்கமாட்டேன்.

ராகவன் சார் வீட்டுக்கு நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை போவேன். கனெக்டரில் உப்புக்காற்றுத் துரு ஏறும். அதை மாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு போவேன். நான் மேலே வேலையை முடித்து நோட்டை மூடியதும் அவர் ஏழாம் எண்ணுக்கு இரண்டு முறை மாற்றுவார். சற்று நேரத்தில் டபராவோடு மாமி வருவார். சிலேட்டில் ஒருமுறை சார் எழுதினார்: 'கனெக்டர் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வா.'

ஒரு மார்கழியில் சார் போய்விட்டார். அந்தோணி அண்ணனும் கேபிளை விட்டுவிட்டுக் குப்பத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கப் போனார். வீடுகளில் பழைய டிவிகள் போய்ப் புதியவை வந்தன. அவை எல்லாச் சேனலையும் தாங்களே பிடித்தன. பெட்டி தேவையில்லை. ஒவ்வோர் அறையும் தனக்கு வேண்டியதைப் பார்த்தது. நல்ல வசதிதான். நானே எத்தனை வீட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் சாயங்காலம் அந்தத் தெருக்களில் சைக்கிளில் போகும்போது படிக்கட்டடியிலிருந்து ஒரு குரலாவது வராதா என்று காது நீளும். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு வெளிச்சம். ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில் மாறும்.

போன வாரம் புதிய நிறுவனம் ஒரு பட்டியல் கொடுத்தது. திரும்பப் பெற வேண்டிய பழைய கன்வெர்ட்டர் பெட்டிகள், பதினோரு வீடுகள். கடைசி வீடு கமலா மாமியுடையது. முரளி பம்பாயிலிருந்து ஏற்பாடு செய்து புது டிவி ஒன்றை அனுப்பியிருந்தார். அது கூடத்தில் அட்டைப் பெட்டியோடு பிரிக்காமல் இருந்தது.

"புதுசு வந்தாச்சே மாமி. பழைய பெட்டியை எடுத்துக்கச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"எடுத்துக்கோ" என்றார். "காலைல எழுந்ததும் மேல போய் ஒரு நம்பரைப் போட்டுட்டு வருவேன். நாள் பூரா கீழ அதுதான் ஓடும். யார் மாத்தறா?"

திரும்பப் பெறுவதற்கு முன் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். எட்டாவது வரி. ஒருவர் பெட்டி பக்கத்தில், ஒருவர் டிவி எதிரில்.

"நான் மேல போய் மாத்தறேன் மாமி. நீங்க கீழ நின்னு வந்தாச்சான்னு சொல்லுங்க."

மேலறையில் கட்டில் அப்படியே இருந்தது. ஸ்டூலும் அதை ஒட்டியே இருந்தது. ரிமோட்டில் எண்கள் தேய்ந்திருந்தன; ஐந்தும் ஏழும் முழுதும் அழிந்திருந்தன. விரல் தடம்தான் இருந்தது. ஒன்றை அழுத்தினேன்.

"வந்தாச்சு" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

இரண்டு. "வந்தாச்சு." மூன்று. "வந்தாச்சு." நான்கு. ஐந்துக்குச் சற்றுத் தாமதமாக வந்தது. "வந்தாச்சும்மா." ஆறு. "வந்தாச்சு."

ஏழு.

பதில் இல்லை. படம் வரவில்லையோ என்று எதிரில் இருந்த டிவியைப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. எட்டை அழுத்தவும் இல்லை. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. பாத்திரத்தின் மூடி நகர்ந்தது. டபராவில் ஆற்றும் சத்தம், இரண்டு மூன்று முறை. பிறகு படியில் காலடி. இப்போது மாமிக்கு ஒவ்வொரு படிக்கும் நிற்க வேண்டியிருக்கிறது.

வாசற்படியில் மாமி வந்து நின்றார். கையில் ஒரு டம்ளர். அதை என்னிடம் நீட்டவில்லை. கட்டிலை ஒட்டியிருந்த ஸ்டூலில், வழக்கமான இடத்தில், வைத்தார். வைத்துவிட்டுச் சிறிது நேரம் அதையே பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆறிடப் போறது, குடி" என்றார்.

குடித்தேன்.

"ஏழு வந்துதா மாமி?" என்று கேட்டேன். படிவத்துக்காகக் கேட்டாக வேண்டும்.

"வந்துது" என்றார்.

நாங்கள் எட்டுக்குப் போகவில்லை. படிவத்தின் அடியில் ஒரு கட்டம் இருக்கிறது. பெட்டி திரும்பப் பெறப்பட்டதா, ஆம், இல்லை. இல்லை என்பதில் டிக் போட்டேன். அதன் கீழே காரணம் எழுத ஒரு சின்ன இடம் விட்டிருக்கிறார்கள். அதில் எழுதினேன்: 'பயன்பாட்டில் உள்ளது.'